மேல்துணி தைத்தாயிற்று, குயில்ட் போடக் கை வரவில்லை: பிறர் வேலையில் நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள்?

வெட்டுத்துணி:

எல்லோருக்கும் வணக்கம். நைன் பேட்ச் பிளாக்குகளையும் (ஒன்பது சின்னச் சதுரங்களைச் சேர்த்துத் தைத்த கட்டங்கள்) வெற்றுச் சதுரங்களையும் மாற்றி மாற்றி வைத்து, கட்டிலுக்குப் போர்த்தும் அளவில் ஒரு மேல்துணி தைத்து முடித்துவிட்டேன். அடித்துணி இருக்கிறது, நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பு, அதாவது பருத்தி பேட்டிங் இருக்கிறது. இனி மூன்று அடுக்கையும் சேர்த்துப் பிடிக்கும்படி மேலே தையல் ஓட்டி, குயில்ட் போட வேண்டும். இங்கே வந்துதான் கை நின்றுவிட்டது. எந்தக் கோட்டைப் போடுவது? பிளாக்குகளின் மூட்டுத் தையல் மேலேயே ஓட்டிவிடலாமா, குறுக்கே சாய்வாகப் போடலாமா? வீட்டு மெஷின்தான், அடுக்குகளை மேலிருந்தும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் இருக்கிறது.

யோசனை கிடைக்கும் என்று பிறர் செய்தவற்றைப் பார்க்க உட்கார்ந்தால் நேரம் போவதே தெரிவதில்லை. ஆனால் எழுந்திருக்கும்போது "என்ன அழகு" என்பதைத் தவிர மனதில் ஒன்றும் நிற்பதில்லை. நீங்களெல்லாம் ஒரு குயில்ட்டைப் பார்க்கும்போது முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

சதுரமுக்கோணம்:

கோட்டை அப்புறம் பார்க்கலாம். முதலில் மேல்துணியைத் தரையில் விரித்து, நட்டநடுவில் ஒரு நீளம், இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொரு நீளம் என்று அளந்து பாருங்கள். ஓரம் நடுவைவிட நீண்டிருந்தால் பார்டர் (சுற்றிச் சேர்த்த ஓரப் பட்டை) அலையடிக்கும். நீளத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு தைத்துக்கொண்டே போய், கடைசியில் மிச்சத்தை வெட்டிவிடுபவர்களுக்கு இது கட்டாயம் வரும். மெஷின் பல் கீழே இருக்கும் துணியைக் கொஞ்சம் வேகமாக இழுத்துக்கொண்டு போகும், மேலே இருப்பது பின்தங்கும். இரண்டும் ஒரே கணக்கில் நகராது. நடுவில் அளந்த நீளத்துக்கே இரண்டு பார்டரையும் வெட்டி, முனைகளையும் மையத்தையும் முதலில் ஊக்குக் குத்தி, இடைப்பட்ட இடத்தை நிரவித் தைக்க வேண்டும்.

அப்புறம், திருப்பிப் போட்டுத் தொங்கும் நூலையெல்லாம் வெட்டிவிடுங்கள். வெள்ளைச் சதுரத்துக்கு அடியில் ஒரு சிவப்பு நூல் மாட்டிக்கொண்டால் போர்வை இருக்கும்வரை அது தெரியும்.

இரண்டாவது கேள்விக்கு என் பதில் சுருக்கம்: முக்கோண முனை. முனை மழுங்காமல் இருக்கிறதா என்றுதான் என் கண் போகும். பழக்கதோஷம்.

நூல்கண்டு:

முனையைப் பார்ப்பது தேர்வுத்தாள் திருத்துகிறவர் வேலை :) வெட்டுத்துணி, நீங்கள் கேட்ட இரண்டும் உண்மையில் ஒரே கேள்வி. மேல்துணியைத் தைக்கும்போது நம் புத்தி முழுக்க வண்ணத்திலும் வடிவத்திலும் இருக்கும். பிறர் செய்ததைப் பார்க்கும்போதும் அப்படித்தான். மூன்று அடுக்கையும் பிடிக்கிற தையலை நாம் பார்ப்பதே இல்லை. பார்க்காத ஒன்றைத் திடீரென்று போடச் சொன்னால் கை எப்படி வரும்?

முதலில் பேட்டிங் உறையைப் படியுங்கள். தையல்களுக்கு நடுவே அதிகபட்சம் எவ்வளவு இடைவெளி விடலாம் என்று அதில் போட்டிருக்கும். 4 அங்குலம் என்று சொல்லும் ரகமும் உண்டு, 8, 10 என்று சொல்லும் ரகமும் உண்டு. அந்த எண்ணைத் தாண்டி இடைவெளி விட்டால் துவைக்கத் துவைக்கப் பஞ்சு உள்ளே நகர்ந்து கட்டிகட்டியாகச் சேரும். உங்கள் கோட்டில் பாதியை இந்த எண்ணே முடிவு செய்துவிடும்.

மூட்டுத் தையல் பள்ளத்திலேயே ஓட்டுவது சுலபம் என்று தோன்றும். ஊசி ஓர் இழை விலகினாலும் கண்ணுக்குத் தெரியும், அதனால் அதுதான் கஷ்டம். நைன் பேட்ச்சுக்குச் சாய்வுக் கோடு நன்றாகப் பொருந்தும். சின்னச் சதுரங்களின் மூலைவிட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஓட்டினால் கோடு தானாகவே வெற்றுச் சதுரத்துக்குள்ளும் போய்விடும். குறி வரைய வேண்டிய வேலையும் பாதியாகக் குறையும். மூட்டுகள் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் கண் அங்கே போகாது.

தையல் நீளத்தைக் கூட்டுங்கள். மேல்துணி தைக்க 2 மில்லிமீட்டர் வைத்திருந்தால் மூன்று அடுக்குக்கு 3 வையுங்கள். ஊசி 90/14. ஓரத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள், நடுவிலிருந்து வெளியே வாருங்கள்.

அறுகோணம்:

இடையில் ஒரு வார்த்தை. படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தால் எது வெளிறியது, எது அடர்ந்தது என்று சட்டென்று பிடிபடும். சிவப்பும் பச்சையும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கிறது என்று நினைத்திருப்போம். சாம்பல் நிறத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்று. நடுச் சதுரத்தைச் சுற்றிப் பட்டைகள் வைத்துத் தைக்கும் லாக் கேபின் பிளாக் மொத்தமும் இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது. பாதி வெளிறல், பாதி அடர்வு. அதே பிளாக்கைத் திருப்பித் திருப்பி வைத்தால் சாய்சதுர வளையங்கள், பள்ளக் கோடுகள் என்று எத்தனையோ வரும்.

பழந்துணி:

நூல்கண்டு அக்கா சொன்னதற்கு ஒரு சாட்சி கொண்டுவருகிறேன். 14-ம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் சிசிலியில் செய்த டிரிஸ்டன் குயில்ட். ஒரு பகுதி லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, இன்னொன்று ஃபிளாரன்ஸில் பார்ஜெல்லோவில். அதில் ஒட்டுத்துணி ஒன்றுகூடக் கிடையாது. லினன் துணி, நடுவில் பஞ்சு, பழுப்பு நூலும் வெள்ளை நூலும். அவ்வளவுதான். கப்பல், குதிரை, வீரர்கள், எழுத்து எல்லாமே தையல்தான். உருவத்தின் வெளிக்கோட்டைத் தைத்து, அதற்குள் பஞ்சைத் திணித்து உப்ப வைத்திருக்கிறார்கள். வண்ணத்தை எடுத்துவிட்டாலும் குயில்ட் குயில்ட்டாகத்தான் இருக்கும். தையலை எடுத்துவிட்டால் மிஞ்சுவது மூன்று தனித் துணி.

கோணல்கோடு:

பழந்துணி, அழகாகச் சொன்னீர்கள், ஆனால் இது பாதி உண்மை. அலபாமாவில் ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு சின்ன ஊர். அடிமைகளாக உழைத்தவர்களின் வழிவந்த பெண்கள் அங்கே தைத்த குயில்ட்டுகளை 2002-ல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்திலும் வைத்தார்கள். 2006-ல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றை வைத்துப் பத்துத் தபால்தலை வெளியிட்டது. அவற்றில் கட்டம் நேராக இருக்காது, பட்டை ஓர் இடத்தில் அகலமாகவும் இன்னோர் இடத்தில் ஒல்லியாகவும் போகும். அங்கே கண்ணைப் பிடித்து இழுப்பது தையல் இல்லை, வெட்டு. ஸ்கேலே இல்லாமல் வெட்டிய வெட்டு.

மிசௌரி பெட்வே 1942-ல் செய்த ஒன்றைத் தேடிப் பாருங்கள். கணவர் இறந்த பிறகு அவருடைய வேலை உடுப்புகளைப் பிரித்துத் தைத்தது. வெளுத்த நீலம், வெளுத்த பழுப்பு, கறை, தேய்மானம். அதன் முன்னால் நின்று "அங்குலத்துக்கு எத்தனை தையல்" என்று எண்ணிக்கொண்டிருக்க முடியுமா?

சதுரமுக்கோணம்:

கோணல், இப்படிப் பேசுவதில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. ஜீஸ் பெண்ட் பெண்கள் நேராகத் தைக்கத் தெரியாமல் கோணலாகத் தைக்கவில்லை. ஹவுஸ்டாப் என்று அவர்கள் சொல்லும் அமைப்பு, நடுவில் ஒரு சதுரத்தை வைத்துச் சுற்றிச் சுற்றிப் பட்டை சேர்ப்பது, கட்டுக்கோப்பானது. எங்கே மீறலாம் என்று தெரிந்துதான் மீறினார்கள். இப்போது நிறையப் பேர் துணி ஓரத்திலிருந்து கால் அங்குலம் விட்டுத் தைக்கும் கால் அங்குலத் தையலே பழகாமல் "எனக்குச் சுதந்திரம்தான் பிடிக்கும்" என்கிறார்கள். பிளாக்குகள் ஒன்றோடொன்று சேராமல் போனதும் இரண்டு நாளில் மெஷினை மூடி வைக்கிறார்கள்.

கால் அங்குலம் சின்ன விஷயமில்லை. ஒரு வரிசையில் எட்டு மூட்டு இருந்து, ஒவ்வொரு மூட்டிலும் மொத்தம் எட்டில் ஒரு பங்கு அங்குலம் கூடுதலாகப் போனால் வரிசையே ஓர் அங்குலம் குறுகிவிடும். மூன்று துண்டை ஒன்றரை அங்குல அகலத்தில் வெட்டிச் சேர்த்துத் தைத்து, இஸ்திரி போட்டு, நடுத்துண்டை அளந்து பாருங்கள். சரியாக ஓர் அங்குலம் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஊசியின் இடத்தை நகர்த்துங்கள். கால் அங்குலத்துக்கு ஒரு நூலிழை குறைவாக விட்டுத் தைத்தால்தான் சரியாக வரும், ஏனென்றால் மடிப்பே கொஞ்சம் துணியைச் சாப்பிட்டுவிடும்.

கோணல்கோடு:

ஹவுஸ்டாப் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். மெஷினை மூடி வைப்பவர்களைப் பற்றிச் சொன்னது மட்டும் எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது. முனை சேரவில்லை என்று யாராவது சுட்டிக்காட்டியதால் மூடி வைத்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பாபின்:

சண்டை களைகட்டுகிறது, நான் நடுவில் வரவில்லை. ஆனால் வெட்டுத்துணி மெஷினில் குயில்ட் போடப் போகிறேன் என்று கொஞ்சம் தயங்கித் தயங்கி எழுதியது போல எனக்குப் பட்டது, அதற்காக இது. ஹாரியட் பவர்ஸ் அடிமையாகப் பிறந்தவர், 1837-ல், ஜார்ஜியாவில். அவருடைய இரண்டு குயில்ட்டுகள் இன்று ஸ்மித்சோனியனிலும் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. பாஸ்டனில் உள்ளதில் 15 கட்டங்கள். அதில் ஒன்று 1833 நவம்பரில் விண்கற்கள் மழையாகக் கொட்டிய இரவு. கையும் மெஷினும் கலந்துதான் தைத்திருக்கிறார். மெஷினில் போட்டால் அசல் இல்லை என்று யாராவது சொன்னால் அந்த அம்மாவை எடுத்துக்காட்டுங்கள்.

இழைஓட்டம்:

நான் கையால் மட்டும் தைப்பவள், ஆனாலும் பாபின் சொல்வதை வழிமொழிகிறேன். மெஷின் கோடு அறுபடாமல் போகும், பார்வைக்கு அழுத்தமாக விழும். கை ஓட்டுத்தையலில் ஒரு தையல் மேலே, ஓர் இடைவெளி கீழே. கோடு விட்டு விட்டுத் தெரியும், துணி மெத்தென்று இருக்கும். இரண்டும் இரண்டு குணம்.

கைத்தையலில் அங்குலத்துக்கு 10, 12 என்று பெருமையாகச் சொல்வார்கள், மேலே தெரிவதை மட்டும் எண்ணி. எண்ணிக்கையை விடுங்கள். மேலே உள்ள தையலின் நீளமும் இடைவெளியின் நீளமும் ஒன்றாக இருக்கிறதா, அதைப் பாருங்கள். ஆறு தையல் விழுந்தாலும் ஒரே சீராக விழுந்தால் கண்ணுக்குக் குளிர்ச்சி. பிட்வீன்ஸ் என்று குட்டையான ஊசி கிடைக்கும், எண் ஏற ஏற ஊசி சிறியதாகும். முதலில் 8 அல்லது 9 எடுங்கள். எடுத்தவுடனே 12-க்குப் போனால் காதில் நூல் கோர்க்கவே பொழுது போய்விடும்.

கோணலுக்கும் பழந்துணிக்கும் நடுவே ஒன்று சொல்லட்டுமா? வங்காளத்துக் காந்தாவைப் பாருங்கள். நடுவில் பஞ்சே கிடையாது. பழைய புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, கரையிலிருந்து உருவிய வண்ண நூலால் ஓட்டுத்தையல் போட்டார்கள். உருவத்தைச் சுற்றியுள்ள வெற்றிடத்திலும் நெருக்கமாக வெள்ளைத் தையல் ஓடும். அந்தத் தையல்தான் துணியை மெல்லிய அலை மாதிரி சுருக்கிக் கொடுக்கிறது. கர்நாடகத்தின் சித்தி சமூகத்துப் பெண்கள் செய்யும் கவந்தியில் இன்னொரு வியப்பு. அவர்கள் மேல்துணியைத் தனியாகத் தைப்பதே இல்லை. அடித்துணியை விரித்து, வெளி ஓரத்திலிருந்து துண்டு துண்டாக வைத்துத் தைத்துக்கொண்டே உள்ளே சுற்றி வந்து நடுவில் முடிப்பார்கள். ஒட்டு வேலையும் குயில்ட் தையலும் ஒரே ஓட்டத்தில் நடக்கிறது. அதில் எது மேல்துணி, எது தையல் என்று பிரித்துப் பேசவே முடியாது.

வெட்டுத்துணி:

அடேயப்பா, இத்தனை பதில் எதிர்பார்க்கவில்லை. மூன்று இடத்தில் நீளம் அளந்தேன், சரியாக இருக்கிறது. பேட்டிங் உறையில் 8 அங்குலம் என்று போட்டிருக்கிறது. சாய்வுக் கோடு என்று முடிவு செய்துவிட்டேன்.

கவந்தி படங்களைத் தேடிப் பார்த்தேன். இந்தத் தடவை வண்ணத்தை விட்டுவிட்டுத் தையல் போகும் வழியை மட்டும் விரலால் தொடர்ந்து போனேன். மூலையில் எப்படித் திரும்புகிறது, பெரிய துண்டு வந்தால் எப்படித் தாண்டுகிறது என்று தெரிந்தது. இது நல்ல பயிற்சி.

அடுத்த சந்தேகம். மூன்று அடுக்கைச் சேர்த்துப் பிடிக்க சேஃப்டி பின்னா, ஒட்டும் ஸ்பிரேயா, பிறகு பிரித்துவிடும் கச்சாத் தையலா? அப்புறம், நைன் பேட்ச்சில் அடர்சிவப்பு நிறைய இருக்கிறது. முதல் துவையலில் சாயம் போனால்?

நூல்கண்டு:

சாயத்தை முதலில் பார்த்துவிடுவோம், அதுதான் ஆபத்து. வெள்ளைத் துணியை நனைத்து அந்தச் சிவப்பின் மேல் அழுத்தித் தேயுங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் சாயம் போகும் துணி. மேல்துணியாகத் தைத்துவிட்ட பிறகு அதை மட்டும் தனியாகத் துவைத்தால் ஓரமெல்லாம் பிரிந்துவிடும், அந்த வேலை வேண்டாம். குயில்ட் போட்டு, ஓரத்தை மூடும் பட்டியான பைண்டிங்கும் முடித்த பிறகு, நிறைய தண்ணீரில், சாயம் உறிஞ்சும் தாள்கள் சிலவற்றைச் சேர்த்துப் போட்டுத் துவைக்கலாம். வெளியே எடுத்ததும் நன்றாகப் பாருங்கள். வெள்ளையில் சிவப்பு இறங்கியிருந்தால் காயவிடாதீர்கள், உடனே மறுபடி ஊறப் போடுங்கள். ஈரத்தில் இருக்கும்வரை வெளியே எடுத்துவிட வாய்ப்பு உண்டு. உலர்த்தும் மெஷினில் போட்டுச் சூடு காட்டிவிட்டால் கஷ்டம்.

பருத்தி பேட்டிங் முதல் துவையலில் 3 முதல் 5 சதவீதம் சுருங்கும். குயில்ட் முழுக்கச் சின்னச் சின்னச் சுருக்கம் விழும். புதிதாகச் செய்பவர்கள் இதைப் பார்த்துப் பதறுவார்கள். எனக்கு அந்தச் சுருக்கம் விழுந்த பிறகுதான் குயில்ட்டைப் பிடிக்கவே ஆரம்பிக்கும்.

சதுரமுக்கோணம்:

அடுக்குவதற்கு ஊக்குதான் என் ஓட்டு. அடித்துணியை நல்ல பக்கம் கீழே இருக்க விரித்து, ஓரங்களைத் தரையோடு டேப் போட்டு ஒட்டுங்கள். விறைப்பாக, ஆனால் இழுபடாமல். இழுத்து ஒட்டினால் டேப்பை எடுத்ததும் துணி பழைய அளவுக்குத் திரும்பி உள்ளே மடிப்பு விழும். மேலே பேட்டிங், அதன் மேல் மேல்துணி. உள்ளங்கையை விரித்து வைத்தால் அதன் அடியில் ஓர் ஊக்காவது இருக்க வேண்டும், அந்த அளவு நெருக்கம் போதும். கோடு ஓடும் இடத்தில் குத்தாதீர்கள்; ஊசி ஊக்கில் மோதினால் உடையும். அடித்துணியும் பேட்டிங்கும் மேல்துணியைவிட நாலா பக்கமும் இரண்டு மூன்று அங்குலமாவது கூடுதலாக இருக்கட்டும். தைக்கத் தைக்க நகரும்.

பாபின்:

ஸ்பிரே வேகமான வேலை, சின்னக் குயில்ட்டுக்கு வசதி. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அடியுங்கள், சுவாசத்துக்கு நல்லதில்லை. கட்டில் போர்வை அளவுக்கு நானாக இருந்தால் ஊக்குதான்.

வீட்டு மெஷினில் பெரிய குயில்ட்டின் சிக்கலே அதன் கனம்தான். மேசை விளிம்பில் தொங்கவிட்டால் அந்தக் கனம் ஊசியை இழுத்துக் கோட்டைக் கோணலாக்கும், தையலும் சின்னதாகிவிடும். இடது பக்கம் இன்னொரு மேசையைச் சேர்த்துப் போட்டு அதன் மேல் குவித்து வையுங்கள். மெஷினின் கைக்கு உள்ளே போகும் பகுதியை மட்டும் சுருட்டினால் போதும்.

அறுகோணம்:

கச்சாத் தையலைப் பற்றி யாருமே பேசவில்லையே. பாவம்.

இழைஓட்டம்:

நான் இன்னும் அதுதான் போடுகிறேன் :) கையால் குயில்ட் போடுபவர்களுக்கு ஊக்கு இடைஞ்சல். மெஷினுக்கு ஊக்கே இருக்கட்டும்.

பழந்துணி:

கோணல் சொன்னதையே யோசித்துக்கொண்டிருந்தேன். 1971-ல் விட்னியில் இன்னொரு கண்காட்சி நடந்தது. அமெரிக்கக் குயில்ட்டுகளை ஓவியம் போலச் சுவரில் தொங்கவிட்டார்கள். கலை விமர்சகர்கள் குயில்ட்டைத் திரும்பிப் பார்த்ததில் அந்தக் கண்காட்சிக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அவற்றைத் தேர்ந்தெடுத்தவர்கள் பார்த்தது தூரத்திலிருந்து தெரியும் வடிவத்தையும் வண்ணத்தையும். தைத்தவரின் கைத்திறனை அவர்கள் கணக்கில் வைக்கவில்லை. பெரும்பாலானவற்றுக்குச் செய்தவர் பெயரும் தெரியாது. இன்று திரையில் குயில்ட் படம் பார்க்கும் நாமும் அந்தத் தூரத்தில்தான் நிற்கிறோம். வெட்டுத்துணிக்கு மனதில் ஒன்றும் நிற்காததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

படம் பார்ப்பதென்றால், பெரிதாக்கிப் பார்க்க முடிகிற இடத்தில் பாருங்கள். நெப்ராஸ்கா மாநிலம் லிங்கனில் உள்ள சர்வதேசக் குயில்ட் அருங்காட்சியகம் தன் சேகரிப்பை இணையத்தில் வைத்திருக்கிறது. பழையவற்றைப் பார்க்கும்போது சில இடங்களில் பழுப்புத் துணி மட்டும் தூள்தூளாகப் போய் உள்ளே பஞ்சு தெரியும், பக்கத்திலேயே மற்றத் துணிகள் புதிதுபோல இருக்கும். அந்தக் காலத்துப் பழுப்புச் சாயத்தில் இரும்பு சேர்த்தார்கள், அது இழையை உள்ளேயே அரித்துவிட்டது. துணி போன இடத்திலும் குயில்ட் தையல் மட்டும் அப்படியே நிற்பதைப் பார்க்கலாம்.

கோணல்கோடு:

பழுப்பு விஷயம் எனக்குப் புதுத் தகவல், நன்றி. இன்னொன்றும் கேட்க வேண்டும். பழைய குயில்ட்டில் ஒரே ஒரு பிளாக் மட்டும் திரும்பி இருந்தால், கடவுள் மட்டுமே குறையற்றவர் என்று காட்ட வேண்டுமென்றே வைத்தது என்கிறார்களே, உண்மையா?

பழந்துணி:

கதை நன்றாக இருக்கிறது, சான்று கிடையாது. அந்தக் காலத்துக் குயில்ட்காரர்கள் அப்படி ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள் என்பதை ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. விளக்கொளியில் தைத்தவர்களுக்கு ஒரு பிளாக் திரும்பிப் போவதற்குத் தத்துவம் எதுவும் தேவையில்லை.

சதுரமுக்கோணம்:

இப்போது நான் கோணல் பக்கம் ஒரு வார்த்தை சொல்கிறேன், யாரும் மயங்கி விழாதீர்கள். எய்ட்ஸ் நினைவுக் குயில்ட் 1987 அக்டோபரில் முதன்முதலில் வாஷிங்டனில் விரிக்கப்பட்டபோது 1,920 துண்டுகள் இருந்தன. ஒவ்வொன்றும் 3 அடிக்கு 6 அடி, கிட்டத்தட்ட ஒரு கல்லறையின் அளவு. செய்தவர்களில் பலர் அதற்கு முன் ஊசியே பிடிக்காதவர்கள். பசை போட்டு ஒட்டியது, பெயின்ட் அடித்தது, சட்டையை அப்படியே வைத்துத் தைத்தது எல்லாம் அதில் உண்டு. என் கால் அங்குலத்தை அங்கே கொண்டுபோக மாட்டேன்.

அதற்காகக் கட்டில் போர்வையில் விட்டுவிடுவேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அது துவைக்கிற பொருள். தையலுக்கு வெளியே விடும் விளிம்பு குறுகினால் பிரியும்.

கோணல்கோடு:

மயங்கி விழுந்து எழுந்துவிட்டேன். துவைக்கிற பொருள் என்பதற்குத் தலைவணங்குகிறேன்.

வெட்டுத்துணி:

நடுப்பகுதி முடிந்தது! சாய்வுக் கோடு நன்றாக விழுகிறது. நூல்கண்டு அக்கா சொன்ன மாதிரி சின்னச் சதுரத்தின் மூலையைப் பிடித்தால் கோடு தானாக ஓடுகிறது. இப்போது பார்டர். அகலம் 5 அங்குலம். பேட்டிங் 8 அங்குலம் தாங்கும் என்பதால் வெற்றாகவே விட்டுவிடலாமா?

நூல்கண்டு:

பஞ்சு நகராது, அதுவரை சரி. ஆனால் விடாதீர்கள். தையல் விழும் இடமெல்லாம் துணி கொஞ்சம் உள்வாங்கும். நடுவில் நெருக்கமாகப் போட்டு ஓரத்தை வெற்றாக விட்டால், நடு சுருங்கி ஓரம் தொளதொளவென்று நிற்கும். பார்டருக்கு நேர்கோடுகளே போதும், நீளவாக்கில், ஓர் அங்குல இடைவெளியில். நடுவில் உள்ள நெருக்கத்துக்குப் பக்கத்தில் வந்தால் சரி.

இதைத்தான் பிறர் குயில்ட்டில் நான் முதலில் தேடுவேன். எங்கே நெருக்கி இருக்கிறார், எங்கே விட்டிருக்கிறார் என்று. நெருக்கிய இடம் அமுங்கும், விட்ட இடம் மேலே எழும்பும். நல்ல கைக்காரர்கள் ஒரு பூவை எழுப்பிக் காட்ட வேண்டுமென்றால் பூவைத் தொடவே மாட்டார்கள், அதைச் சுற்றித்தான் தைத்து அமுக்குவார்கள். ஒருநாள் சாயங்காலம் ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது உங்கள் நடுப்பகுதியைத் தரையில் விரித்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் வண்ணம்தான் தெரியும். பக்க வெளிச்சத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிழல் விழும். கண்காட்சிக்குப் போனாலும் நேர் எதிரே நிற்காமல் ஓரமாகப் போய் நின்று பாருங்கள்.

பாபின்:

கண்காட்சி என்றதும் ஒன்று. தொடாதீர்கள், கையில் எண்ணெய்ப் பசை இருக்கும். பல இடங்களில் வெள்ளைக் கையுறை போட்ட தொண்டர்கள் இருப்பார்கள், கேட்டால் ஓரத்தைத் தூக்கிப் பின்பக்கத்தைக் காட்டுவார்கள். கட்டாயம் கேளுங்கள். பின்பக்கம் வெற்றுத் துணியாக இருந்தால் தையல் மட்டும் தனியாகத் தெரியும், முன்பக்கத்தில் ஒட்டுகளின் சத்தத்தில் காணாமல் போன பூவும் இலையும் அங்கே முழுசாக நிற்கும். டென்ஷன், அதாவது நூலின் இறுக்கம், ஒழுங்காக இருக்கிறதா என்பதும் அங்கேதான் தெரியும். மேல்நூல் புள்ளி புள்ளியாகக் கீழே எட்டிப் பார்த்தால் மேல் டென்ஷன் தளர்வு.

வெட்டுத்துணி:

பக்க வெளிச்சத்தில் பார்த்தேன். நான் மெனக்கெட்டுத் தேர்ந்தெடுத்த சிவப்பெல்லாம் கண்ணுக்கே படவில்லை, கட்டம் கட்டமாக நிழல்தான். பார்டருக்குக் கோடு போட ஆரம்பித்துவிட்டேன்.

பைண்டிங்குக்கு எவ்வளவு துணி வெட்ட வேண்டும்? இழைக்குச் சாய்வாக, கிராஸாக வெட்டணுமா?

சதுரமுக்கோணம்:

ஓரம் நேராக இருந்தால் கிராஸ் தேவையில்லை, நேரிழையிலேயே வெட்டலாம். வளைந்த ஓரத்துக்குத்தான் கிராஸ். அகலம் இரண்டரை அங்குலம், நீளவாக்கில் இரண்டாக மடித்து. நான்கு பக்க நீளத்தையும் கூட்டி அதோடு 10, 12 அங்குலம் சேர்த்துக்கொள்ளுங்கள். துண்டுகளைச் சேர்க்கும்போது சாய்வாகத் தைத்து இணையுங்கள், ஒரே இடத்தில் தடிமன் சேராது. மூலையில் கால் அங்குலம் முன்னாலேயே நிறுத்தி, பட்டியை மேலே மடித்து, மறுபடி கீழே இறக்கி, அடுத்த ஓரத்தின் விளிம்பிலிருந்து தொடங்குங்கள். மூலை தானாகச் சாய்வு மடிப்பாக உட்காரும். முன்பக்கம் மெஷின், பின்பக்கம் கையால் ஹெம்மிங்.

பழந்துணி:

ஒரு கெஞ்சல். லேபிள் வையுங்கள். பெயர், வருஷம், ஊர். அருங்காட்சியகத்தில் "செய்தவர் பெயர் தெரியவில்லை" என்று படித்துப் படித்து அலுத்துவிட்டது.

வெட்டுத்துணி:

என் போர்வை அருங்காட்சியகத்துக்கா! சரி, வைக்கிறேன். பேனாவா, நூலா?

இழைஓட்டம்:

நூல் என்றால் பின்தையல், இரண்டு இழை. பேனா என்றால் நிறமி மை உள்ளதாக வாங்குங்கள், துவைத்தால் போகாது. எழுதியதும் இஸ்திரி போட்டுச் சூடு காட்டுங்கள். லேபிளைப் பைண்டிங் போடுவதற்கு முன்பே அடித்துணியின் ஒரு மூலையில் வைத்துவிடுங்கள். இரண்டு பக்கம் பைண்டிங்குக்குள் மாட்டிக்கொள்ளும், மீதி இரண்டு பக்கம் மட்டும் கையால் தைத்தால் போதும். தைக்கும்போது ஊசி முன்பக்கம் வராமல் அடித்துணியை மட்டும் பிடிக்கட்டும்.